மதி

"எட்டு கோர் மதியோ?" என்கிறார்
பாறசாலைக் கடைக்கார ஷிபுலால்.
அங்கே மதி என்றால் போதும்.
களியக்காவிளை செக்போஸ்ட் தாண்டினால்
அது நிலா.

கோரியதெல்லாம் வாங்க
கையில் நாற்பத்திரண்டாயிரம்தான்.
கோரைக் குறைத்தால்
ஒரு கல்யாண வீடியோ ரெண்டர் ஆக
விடிந்துவிடும்.
விடியட்டும், நான் தூங்கிக்கொள்வேன்.
மானிட்டரைக் குறைத்தால்
நெய்யாற்றின்கரைப் பெண்ணின் கசவுப்புடவை
மறுபடி மஞ்சளடிக்கும்.
அவள் அம்மா மறுபடி போன் அடிப்பாள்.

ஆறு கோர். இருபத்தேழு அங்குலம்.
மடியில் வைத்து பஸ்ஸில் வந்தேன்,
கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார்.

ராத்திரி
பழைய ஆல்பங்களைத் திறந்து பார்த்தால்
பதினோரு வருஷமாய் நான் அனுப்பிய
மாப்பிள்ளைகள் எல்லோரும்
லேசாகப் பச்சை.

இதுவரை ஒரு புகார் இல்லை.
புடவையைத் தாண்டி
யார் பார்த்தார்கள் அவர்களை.