மீதி

வீட்டைக் கூட்டுவதும் கூட்டல்தான்,
பெருக்குவதும் பெருக்கல்தான் என்றிருந்த வருடம் அது.
நோய்க்குப் பயந்து எல்லோரும் உள்ளேயே இருந்தார்கள்.
உள்ளே தூசி இருந்தது.
லோவெல் நகரத்துப் பழைய நூற்பாலைக் கட்டடம்,
மூன்றாம் தளம், தோமோவா நிறுவனத்தின் கணக்கறை.
அராக்ஸி டெர்டேரியன் பங்கின் விலையை
மஞ்சள் தாளில் எழுதி ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினாள்:
நூற்றி முப்பத்தொன்று.
யாரோ அதற்குக் கிரீடம் வரைந்தார்கள்.

இரண்டாம் தளத்தில் ஒரு வீடு உண்டு.
சோபா, கட்டில், கம்பளம், குழந்தை நாற்காலி.
குடியிருக்க ஆள் இல்லை.
லூர்தெஸ் மெடைரோஸ் காலை எட்டுக்கு வந்து
அதை அழுக்காக்குவாள், அதற்குத்தான் சம்பளம்.
நாற்பது கிராம் ஓட்ஸ், இருபது கிராம் மணல்,
நாய்களுக்கு முடிவெட்டும் கடையிலிருந்து
மூட்டையாக வரும் முடி,
கறுப்பு தனி, பொன்னிறம் தனி.
வட்ட இயந்திரம் புறப்படும். சுவரில் முட்டும்.
மன்னிப்புக் கேட்கிற மாதிரி பின்வாங்கும்.

கழித்தலும் இருந்தது.
ஒஹையோவில் ஒரு நாய்க்குட்டி கூடத்தில் கழிந்து வைக்க,
இயந்திரம் அதை அறை அறையாக,
ஒரு மூலை விடாமல், சீராகப் பூசி முடித்தது.
வாடிக்கையாளர் ஒன்பது படங்கள் அனுப்பினார்.
அன்றிலிருந்து களிமண் உருண்டையும் பிடித்தாள் லூர்தெஸ்.
"நாலு பிள்ளை வளர்த்தபோது
ஒரு காசு தரவில்லை யாரும்" என்றாள்.

பிறகு பாதி விலையில் வேறு வட்டங்கள் வந்தன.
தலையில் லேசர் கண், வயிற்றில் தண்ணீர்.
பெருக்கியபின் துடைக்கவும் செய்தன.
துடைப்பது நம் வேலையா என்று
தோமோவாவில் ஏழு கூட்டம் போட்டார்கள்.
பெரிய நிறுவனமொன்று வாங்க வந்தது;
கடலுக்கு அப்பாலொரு அலுவலகம், கூடாது என்றது.
பேச்சு நடந்த பதினேழு மாதமும்
கடன்தான் சம்பளம் கொடுத்தது.
கடனுக்கு வட்டி, வட்டிக்குக் கடன்.
மஞ்சள் தாளில் நாற்பது. பதினொன்று. மூன்று.
கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகும், சரி.
கட்டெறும்பு தேய்ந்தால்?

மார்ச் மாத இரவொன்றில்
அராக்ஸி அந்த வாக்கியத்தை எழுத வேண்டியிருந்தது.
எல்லா நிறுவனத்துக்கும் ஒரே வாக்கியம்:
தொடர்ந்து இயங்குமா என்பதில் கணிசமான ஐயம் உள்ளது.
'கணிசமான' என்பதை அழித்தாள்.
திரும்பப் போட்டாள்.
இறங்கி வரும்போது இரண்டாம் தளத்தில் வெளிச்சம்.
எண் நாற்பத்தேழு ஓடிக்கொண்டிருந்தது.
ஆயுள் சோதனை. சக்கரம் தானாக நிற்கும்வரை
நிறுத்தக் கூடாது என்று சீட்டு.
சோபாவில் உட்கார்ந்தாள்.
அது வந்து அவள் காலணியை முட்டி,
சுற்றிக்கொண்டு போனது.
தன் வரைபடத்தில் அவளையும்
ஒரு நாற்காலிக்காலாகக் குறித்திருக்கும்.

வகுத்தல் அக்டோபரில், திவால் நீதிமன்றத்தில்.
இயந்திரங்களைச் செய்து அனுப்பிய தொங்குவான் தொழிற்சாலை
வராத பாக்கிக்கு நிறுவனத்தையே எடுத்துக்கொண்டது.
பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம்.
சமையலறையை இடித்துக் கட்ட
அராக்ஸி சேர்த்ததும் அதில் போயிற்று.
தாளைக் கிழித்தாள்.
துப்புரவு இயந்திரம் செய்த கட்டடத்தின் ஜன்னலில்
அந்தச் சதுரம் மட்டும் சுத்தமாக இருந்தது.

ஜனவரியில் ஓயாங் பெய்ஜென் வந்தாள்,
விலைச்சீட்டு கிழிக்காத பனிக்காலணியோடு.
லூர்தெஸ் வீட்டைச் சுற்றிக் காட்டினாள்.
அவள் சோபாவைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு
நாற்பத்தேழைத் தூக்கிக் கவிழ்த்தாள்.
பக்கத் தூரிகையின் திருகாணியில் விரல் வைத்தாள்.
"இது என் வரிசை, இரண்டு வருடம்,"
கைபேசி மொழிபெயர்த்துச் சொன்னது.
"இதன் மேல்பக்கத்தை நான் அதிகம் பார்த்ததில்லை."

லூர்தெஸ் என்ன சொல்வதென்று தெரியாமல்
தராசைத் துடைத்தாள்.
"அரிசி போட்டுப் பார்த்ததுண்டா?"
"ஓட்ஸ்தான்."
இருவரும் உணவறை அலமாரியில் அரிசி தேடப் போனார்கள்.
கம்பளத்தில் மல்லாந்து கிடந்த நாற்பத்தேழு
தன்னைச் சமதளத்தில் வைக்கும்படி
ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருந்தது,
பிறகு ஸ்பானிஷில்.