குணுக்கு

நாலு முதல் அஞ்சு: கலகலப்பு
என்று அட்டவணையில் போட்டிருக்கிறார்கள்.
நாங்கள் மூணே காலுக்கே உட்கார்ந்துவிடுவோம்.

ஆரல்வாய்மொழிக் காற்றுக்குச்
சீட்டென்றால் உயிர்.
அதனால் மேற்கு ஜன்னலைச் சாத்தி,
ஜெயித்த சீட்டுகள் மேல் பாரத்துக்கு
ஆளுக்கொரு மருந்துக் குப்பி.
என்னுடையது பிரஷர் மாத்திரை.
சல்மாத்தின் குப்பி பெரிது, அவளுக்குச் சர்க்கரையும் உண்டு,
அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இருபத்தெட்டு.
ஜாக்கி மூணு, ஒன்பது ரெண்டு,
ஆசும் பத்தும் ஒவ்வொண்ணு.
எங்கள் நாலு பேர் வயதையும் கூட்டினால்
முந்நூற்று அறுபத்தெட்டு என்று
லூர்தையன் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொன்னார்.
முட்டத்தில் வள்ளத்து எஞ்சின் பார்த்தவர்,
எதையும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார்.

தோற்றால் குணுக்கு.
தங்கமா கேட்டோம்? துணி கிளிப்தான்,
மொட்டைமாடிக் கொடியிலிருந்து.
தோல்விக்கு ஒன்று, காது மடலில்.
எனக்கு மாட்டினால் காது மிஷின் விசிலடிக்கும்.
மாதேவன் பிள்ளைக்கு மாட்டினால்
கழற்ற மறந்து சாப்பாட்டுக்குப் போய்விடுவார்.
தொண்ணூற்றாறு வயது. பழைய சர்வேயர்.
கல்குளம் தாலுகாவில்
வரப்புக்கு அடித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளையெல்லாம்
சங்கிலி பிடித்துப் பிரித்தவர்
மூணு கிளிப்போடு ரசம் குடிப்பார்.
பேரன் ஒருமுறை மஸ்கட்டிலிருந்து வந்து
இதைப் பார்த்து மானேஜரிடம் சண்டைக்குப் போனான்.
"சவத்து மூதி, தோத்தது நான், நீ ஏம்ல அழுகே?"
என்றார் பிள்ளை.

புதன்கிழமை ராத்திரி அவருக்கு மூச்சு முட்டியது.
ஆசாரிபள்ளம் கொண்டுபோனார்கள்.

வியாழன், வெள்ளி.
நாலாவது நாற்காலியில் யாரும் எதையும் வைக்கவில்லை.
சல்மாத்து தன் குப்பியைத்
திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.
மூணு பேர் ஆடுகிற ஆட்டமும் உண்டு.
யாரும் அதன் பெயரைச் சொல்லவில்லை.
வெளியே முப்பந்தல் வரைக்கும் காற்றாலைகள் சுற்றின,
உள்ளே கரண்டு இல்லை.

சனிக்கிழமை நான் அஜிஷாவின் போனை வாங்கினேன்.
முப்பத்துமூணு வருஷம்
நாகர்கோவில் டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள்.
பம்பாய்க்கும் கொழும்புக்கும்
கல்யாணத்தையும் சாவையும் இணைத்துக் கொடுத்த விரல்
இந்தக் கண்ணாடியில் மட்டும் வழுக்குகிறது.
நாலாவது தடவையில் கிடைத்தார்.
மூக்கில் குழாய், பின்னால் பச்சைத் திரை.
"கிறிஸ்டபெல், சீட்டைப் போடும்."

அவர் பங்குச் சீட்டை
போனுக்கு மட்டும் காட்டிக்கொண்டு நின்றாள் அஜிஷா,
கண்ணை இறுக மூடிக்கொண்டு.
சல்மாத்து அவளை நம்பவில்லை.

"இருபது" என்றார் பிள்ளை.
நாலு சீட்டைப் பார்த்து இருபது கேட்கிற ஆளை
ஆஸ்பத்திரியில் வைத்திருப்பது சரிதான்
என்றார் லூர்தையன்.
துருப்பைக் கவிழ்த்து வைத்தோம்.
நடுவில் ஒரு தரம் படம் நின்றுபோனது,
அவர் வாய் திறந்தபடி.
மூணு பேரும் சீட்டைக் கீழே வைக்காமல்
அந்த வாயையே பார்த்திருந்தோம்.
பிறகு அது அசைந்து
"இடதுபக்கம் மூணாவது, மக்களே" என்றது.

பதினெட்டில் படுத்தோம்.

எனக்கு ஒரு கிளிப். விசில்.
அவருக்கு?
கையைத் தூக்கிக் காட்டினார்.
ஆள்காட்டி விரலில் ஏற்கனவே ஒரு கிளிப்,
உள்ளே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு.
"நர்ஸ் மாட்டிட்டுப் போயிருக்கா. இது கணக்குல வருமா?"

கொஞ்ச நேரம் யோசித்தோம், சட்டப்படி.
"வராது" என்றாள் சல்மாத்து.
"வெரல்ல போட்டா மோதிரம். காதுன்னா காதுதான்.
வந்து மாட்டும்."

நாற்காலிக் கையில் ஒன்றை மாட்டி வைத்திருக்கிறோம்.
நீல நிறம், கொஞ்சம் இறுக்கமானது.
கூட்டித் துடைக்க வருகிறவளிடம் சொல்லிவிட்டோம்,
துடைக்கலாம்,
எடுக்கக் கூடாது.