உடன் வசிக்கிறாரா

டிராயரைத் திறந்தால் முதலில்
ஸ்டேப்ளர் பின், கெட்டுப்போன பன்ச்,
கருப்பராயன் கோயில் திருநீறு.
அதற்கும் கீழே
நாலாய் மடித்த பிறப்புச் சான்றிதழ் நகல்.
குழந்தை: கவிநிலா. தாய்: மயிலாத்தாள்,
பவர் டேபிள், இரண்டாம் மாடி, டோக்கன் 318.

கொடுத்தது ஐப்பசியில்.
இது ஆனி.

மாதாமாதம் அவள் சம்பளத்தில்
ஈ.எஸ்.ஐ.க்கென்று தொண்ணூற்றேழு ரூபாய் பிடிக்கிறேன்.
கம்பெனி பங்கு நானூற்றிருபது.
நூல் விலை ஏறினாலும்
கன்டெய்னர் தூத்துக்குடியில் கிடந்தாலும்
பதினைந்தாம் தேதிச் சலான் தவறியதில்லை.
முதலாளியைக் குறை சொல்ல முடியாது.
அவரும் அதைத்தான் அவிநாசி ரோடு முழுக்கச் சொல்வார்:
"நம்மகிட்ட ஒத்தப் பைசா பாக்கியில்லீங்கோ."

பணம் ஏறிவிட்டது.
பிள்ளை ஏறவில்லை.

நாலாம் நாள் காய்ச்சலோடு
தூக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.
கவுன்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துச் சொன்னாராம்:
நீங்க இருக்கீங்க, வீட்டுக்காரர் இருக்காரு,
மூத்த பையன் இருக்கான்.
இது யாரு?

எம்புள்ளைங்க.

சிஸ்டத்துல இல்லீங்களே.

இன்று காலை
ஷிப்ட் மணிக்கு முன்பே வந்து நின்றாள்.
தட்டணுக்கள் கூடிவிட்டனவாம், கஞ்சி குடிக்கிறாளாம்.
தனியார் ஆஸ்பத்திரியில் பதினெட்டாயிரம்.
காதுத் துளை தூர்ந்துவிடாமல்
ஆளுக்கொரு ஈர்க்குச்சி செருகியிருந்தாள்
இரண்டு பக்கமும்.
"நாங்குடுத்தனுங்களே சார்.
நீங்க வாங்கி உள்ள வெச்சீங்க."
வைத்தேன்.

என்னிடம் காரணங்கள் இருந்தன.
பெயர் சேர்க்க ஓ.டி.பி. வேண்டும்,
அது முதலாளி போனுக்குப் போகும்,
முதலாளி கண்காட்சிக்கு வெளிநாடு போயிருந்தார்.
வந்ததும் பயர் ஆர்டர் வந்தது.
பிறகு வெளிநாட்டு பையரின் ஆடிட்.
அவர்கள் முதலுதவிப் பெட்டியில்
பிளாஸ்திரியைக்கூட எண்ணினார்கள்.
"இங்கே குழந்தைகள் வேலை செய்கிறார்களா?"
இல்லை என்றேன். நிஜம்தான்.
வேலை செய்யாத குழந்தைகளைப் பற்றி
அவர்கள் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை, சம்பளக் கவர் கொடுத்து முடித்து,
டிராயரை அப்படியே மேசையில் கவிழ்த்தேன்.
பதினான்கு பிள்ளைகள்.
ஒன்றின் பெயரை எலி தின்றிருந்தது,
தேதி மட்டும் மிச்சம்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு போன்.
முதலாளி பல்லடத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில்.
பந்தி இரைச்சலுக்கு நடுவே படித்தார்:
"ஆறு... ஆறு... ஒண்ணு... நாலு..."
ஏழாவது பெயரில் குரல் மாறியது.
"ஏப்பா, நம்ம கம்பெனீல இத்தன புள்ளைகளா?"
கம்பெனியில் இல்லைங்க, என்றேன்.
கொஞ்ச நேரம் மேளம்தான் கேட்டது.
"செரி, போடு."

எட்டேகாலுக்கு
அயர்னிங் சிபா நாயக் கதவருகில்.
கையெழுத்துப் போட்ட கை இன்னும் சூடாக இருந்திருக்கும்.
யாரோ சொல்லியிருக்கிறார்கள்,
சார் புள்ளைங்க பேர் ஏத்தறார் என்று.
"என் பொண்ணு சார்... சேருமா?
பலாங்கீர்ல, அம்மாகிட்ட இருக்கா."

படிவம் ஒரு கேள்வி கேட்கிறது:
உடன் வசிக்கிறாரா?
ஆம். இல்லை.
இல்லையெனில் ஊர்.

அவனிடம் கேட்டேன்.
அவன் போனைத் திருப்பிக் காட்டினான்.
திரை முழுக்க
முன்பல் இரண்டும் இல்லாத சிரிப்பு.
"டெய்லி ராத்திரி ஒன்பது மணிக்கு இருக்கும் சார்."

அதற்குக் கட்டம் இல்லை.
"இல்லை"யைத் தொட்டேன்.
ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி அவன் சொல்ல
நான் அடித்தேன், ஒருமுறை தப்பாக, ஒருமுறை சரியாக.

ஓ.டி.பி. போய்விட்டது.
முதலாளி லைன் பிஸி.
மூலையில் எண்கள் இறங்குகின்றன,
நாற்பது, முப்பத்தொன்பது.
அவன் எனக்குப் பின்னால் நின்று
திரையையே பார்க்கிறான்.
நான் மறுபடி அழைக்கிறேன்.