இடது கம்பம்

கோத்தகிரியிலிருந்து குன்னூர் போகும் ஆறேகால் பஸ்ஸில்
முன் சீட்டுப் பையன் போனைச் சாய்த்துப் பிடித்திருந்தான்.
வளைவில் பஸ் சாய, அவன் சாய, போன் சாய,
அதற்குள் ஒரு கோல்கீப்பர் வலப்பக்கம் பாய்ந்து
பந்தை விட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
தாழ்வாக வரும் பந்துக்கு இப்படியா விழுவார்கள்.
அவள் எழுந்தாள்.
இடது கம்பம்வரை நடந்துபோய்
குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினாள்.

சிரிப்பு நின்றது.

சுண்டுவிரலில் நீலப் பிளாஸ்திரி.
புருவத்தில், சேலத்துக்காரியின் முழங்கை தந்த வெட்டு.
ஒரு கால் சாக்ஸ் மட்டும் சரிந்து கிடக்கிறது.
லோசனி என்று எங்கும் இல்லை.
பெயர் இருக்கவேண்டிய இடத்தில்: காப்பாளர் 01.

தம்பி, இவளை எப்படி எடுத்தே?
நூத்தி நாப்பத்தொம்பது ரூபா அக்கா.
சும்மா வர்ற கீப்பர் இதைவிட மோசம்.

*

அந்தக் கம்பத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.
எங்கள் கல்லூரி மைதானம் சரிவில் இருக்கிறது.
மழைக்காலத்தில் இடது கம்பத்தின் அடிமண் இளகும்.
இரண்டாம் வருஷம் என் முதுகில் விழப்பார்த்தது.
அன்றிலிருந்து தட்டிப் பார்ப்பேன்.
ஒரு தட்டு, நிற்கிறதா என்று.
இன்னொன்று, முதல் தட்டில் அசைந்துவிட்டதோ என்று.
ராசி இல்லை. ஸ்டைல் இல்லை.
பயம்.

போனுக்குள் மழை பெய்வதில்லை.
கம்பம் கணக்கின் மேல் நிற்கிறது.
அவள் எதற்குத் தட்டுகிறாள்?

*

உடற்கல்வி அறையில் கோப்பை எடுத்துக் காட்டினார்கள்.
பதினெட்டுப் பேரின் கையெழுத்து,
பயணக் காப்பீடு என்று போன டிசம்பரில் போட்டது.
நாலாம் பக்கம், கடைசிப் பத்தி:
உருவம், அசைவு, அவை சார்ந்த அனைத்தும்.
கல்லூரிக்குப் பெருமைதானேம்மா என்றார் சார்.
பெருமையை எந்த ஹாஸ்டல் மெஸ்ஸில் வாங்கிக்கொள்வார்கள் என்று
ஜமுனா கேட்டது அவர் காதில் விழவில்லை,
அல்லது விழுந்தது.

அம்மா டேன்டீயில் கொழுந்து பறிப்பவள்.
எல்லாம் கேட்டுவிட்டு, எடை போட்டாங்களா என்றாள்.
இலைக்குக்கூட ஒரு தராசு உண்டு.
ஈரத்துக்கு இத்தனை, சாக்குக்கு இத்தனை என்று கழிப்பார்கள்,
அநியாயம்தான், ஆனால்
முள் அசைவதைக் கண்ணால் பார்க்கலாம்.
என்னை எடுத்தபோது எந்த முள் அசைந்தது?

*

பதினெட்டுப் பேரும் சேர்ந்து கடிதம் அனுப்பினோம்.
ஹில்டாதான் தயங்கினாள்.
அவளை மாதிரி செய்திருந்தவள்
அவளைவிட வேகமாக ஓடினாள்; அது அவளுக்குப் பிடித்திருந்தது.

பதில் வந்தது: ஒற்றுமை தற்செயலானது.
பதினோராம் நாள் அப்டேட்டும் வந்தது.
வெட்டு போயிற்று. பிளாஸ்திரி போயிற்று.
சாக்ஸ் இரண்டும் ஒழுங்காக ஏறிவிட்டன.
நிறம்கூட இரண்டு படி வெளுத்திருந்தது.
கேட்காமல் எடுத்தவர்கள் கேட்காமல் அழித்தார்கள்.

பெனால்ட்டி ஒன்று வந்தது.
அவள் நடந்தாள். இடது கம்பம். குதிகால்.
தட். தட்.

அது என்னுடையது என்றே
அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

*

போன வாரம் கம்பத்துக்கு சிமென்ட் போட்டார்கள்.
மேகம் இறங்கி எதிர்க் கோல் மறைந்த மதியத்தில்
தோளால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை.
பந்து வருமுன் குதிகால் தானாகப் போய்
இரண்டு தட்டியது.
யார் யாரைப் பார்த்துச் செய்கிறோம் என்று
ஒரு விநாடி விளங்கவில்லை.

குன்னூரில் வக்கீல் ரெஜினா மனு எழுதித் தந்திருக்கிறார்.
கோரும் தொகை என்ற இடத்தில் புள்ளிக்கோடு.
ஜமுனா லட்சத்தில் சொல்கிறாள்.
அம்மா, தட்டுக்கு இவ்வளவு என்று போடு,
எத்தனை பேர் வாங்கினானோ அத்தனையால் பெருக்கு என்கிறாள்.

பேனா மூடியைக் கடித்துக்கொண்டு அதே பஸ்ஸில் இருக்கிறேன்.
முன் சீட்டில் வேறொரு பையன்.
காப்பாளர் ஒண்ணு வெச்சிருக்கியா?

இல்லக்கா.
அவ விலை இப்ப ஏறிடுச்சு.