போக மூன்று, வர மூன்று

மேசைமேல் இரண்டு படங்கள்.
இருபத்தெட்டடிப் படகு, ஏற்கெனவே இருவர் கைமாறியது.
மூக்கறையில் இரண்டு பேர் படுக்கலாம்,
ஒருவர் புரள மற்றவரிடம் அனுமதி கேட்டு.
இன்னொன்று வண்டி வீடு.
அடுப்பு, கட்டில், கழிவறை,
பின்னால் சைக்கிள் மாட்டக் கொக்கி.
வங்கியில் கிடப்பது
இரண்டில் ஒன்றுக்குத்தான் காணும்.

ஸ்வெர்ரே படகின் பக்கம்.
முப்பத்திரண்டு வருடம் ஃபெர்ரியில் நின்று
கார் இப்படி வா, லாரி அப்படிப் போ என்று
கைகாட்டியே தோள் தேய்ந்தவன்.
அக்கரைக்கு இருபத்தைந்து நிமிடம்,
இக்கரைக்கு இருபத்தைந்து நிமிடம்.
தண்ணீர் இன்னும் போதவில்லையா, என்றேன்.
"நேர அட்டவணை இல்லாத தண்ணீரை
நான் பார்த்ததே இல்லை, எல்ட்ரிட்."

மறுத்துப் பேச எனக்கு வாயில்லை.
இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டிவிட்டு
நான் கேட்பதும் ஒரு பேருந்துதான்.
பின்னிருக்கையில் யாரும் வாந்தியெடுக்காதது,
ஏழரை மணிக்கு எங்கும் நிற்க வேண்டாதது.
இடப்பக்கம் திரும்பத் தோன்றினால்
இடப்பக்கம் திரும்புவது.
அவ்வளவுதான் என் பேராசை.

கணக்குப் பார்த்தோம்,
அதாவது சண்டை போட்டோம்.
படகென்றால் ஏப்ரலில் அடிவயிறு சுரண்டிச் சாயம்,
அக்டோபரில் தார்ப்பாய்,
நடுவே எஞ்சினுக்கு ஒரு காய்ச்சல்.
வண்டியின் கழிவுப்பெட்டியை யார் கொட்டுவது, என்றான்.
மீன்குடலை யார் அள்ளுவது, என்றேன்.
உன் முழங்கால் ஏணி தாங்காது.
உன் கண் சுரங்கச் சாலை தாங்காது.
இரண்டும் உண்மை.
அன்றிரவு உப்பைக்கூட யாரும் கேட்டு வாங்கவில்லை.

ஜூனில் வண்டி வீடு வாடகைக்கு எடுத்தோம்.
ஆகஸ்டில் படகு, அது ஒப்பந்தம்.
பதினான்காவது கிலோமீட்டரில் சாலை கடலில் முடிந்தது.
ஹெல்கெலாந்துக் கரையில் எந்தச் சாலையும் அப்படித்தான்,
பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கும்.
வந்தது அவனுடைய ஃபெர்ரி.

சாய்தளத்தில் மஞ்சள் சட்டையில் ஒரு பையன், புதியவன்,
கையசைத்து எங்களை உள்ளே இழுத்தான்.
என் பக்கத்தில் இவன் கையும் அசைந்தது.
"இன்னும் அரை மீட்டர் விடணும்," முனகினான்.
பையன் விட்டான்.
இவன் தலையாட்டினான்.

பிறகு நடந்தது பெரிதாக ஒன்றுமில்லை.
எஞ்சினை அணைத்தேன்.
கீழே வேறோர் எஞ்சின் எழுந்தது.
அலமாரித் தட்டுகள் தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கின.
சக்கரம் சுழலாமலே
ஜன்னலில் மலை நகர்ந்தது.
ஸ்வெர்ரே பின்னால் போய்
காலணியோடு கட்டிலில் படுத்தான்.
இந்தக் கப்பலில் அவன் உட்கார்ந்ததே இல்லையாம்.
"முனை தாண்டியதும் ஒரு தூக்குத் தூக்கும், பார்."
தூக்கியது.
ஒரு கரண்டி விழுந்தது.

அக்கரையில் எல்லாக் காரும் வடக்கே போயின.
எனக்கு இடப்பக்கம் திரும்பத் தோன்றியது.
இடப்பக்கம்,
திரும்பிப் போகிறவர்களின் வரிசை.

இரண்டாம் முறை, பக்கத்து வரிசையில் ஒரு படகு,
காருக்குப் பின்னால் கட்டுண்டு, அடிவயிறு உலர்ந்து,
எங்களோடு கடல் கடந்தது.
இருவரும் பார்த்தோம்.
யாரும் அதை வாதமாக எடுக்கவில்லை.
மூன்றாம் முறை மழை.
தளத்தில் அடுப்பு மூட்டக் கூடாது, விதி, என்றான்.
பிளாஸ்க் காபியும்
மாடிக் கடையில் வாங்கிய தடித்த அப்பமும்.
நான்காம் முறை பையன் ஜன்னலைத் தட்டினான்.
"ஏதாவது கோளாறா?"
"யாருக்கு?" என்றான் ஸ்வெர்ரே.
ஐந்தாம் முறை தூங்கிவிட்டேன்.
ஆறாவதில் மணி பதினொன்று.
இறங்குவதா வேண்டாமா என்று
சூரியன் தண்ணீர்மேல் நின்றுகொண்டிருந்தது.
சாய்தளம் விழுந்தது.
பின்னால் யாரோ ஹார்ன் அடித்தார்கள்.

ஜூலையில் ரசீது வந்தது.
போக மூன்று, வர மூன்று,
ஆறு மீட்டருக்கு மேல் நீளமென்று கூடுதல் கட்டணம்.
குளிர்பெட்டிக் கதவில்
இரண்டு படங்களுக்கும் நடுவே ஒட்டியிருக்கிறேன்.
ஆகஸ்டுக்கு இன்னும் பதினொரு நாள்.