பத்தாவது வளைவு

பாயா தெருபோங்கில் ஒரே உதையில் எடுக்கும்.
மேடு ஏற ஏறக் குரல் கம்மும்.
பத்தாவது வளைவில், தவறாமல்,
செத்துப்போகும்.

கால்மணி நேரம் சும்மா நின்றுவிட்டு உதைத்தால்
ஒன்றுமே நடக்காததுபோல் ஓடும்.
சொன்னால் யார் நம்புவார்?

ரஸ்லான் பிளக்கை மாற்றினான். பன்னிரண்டு வெள்ளி.
கார்புரேட்டரைப் பிரித்து
மயிரிழைத் துளைகளை ஊதினான்.
சைலன்சரை நெருப்பில் காட்டிக்
கரியைத் தட்டிக் கொட்டினான், இரண்டு கை அள்ளும்.
கம்ப்ரஷனுக்கு ஒரு குறையுமில்லை என்றான்.
மறுநாளும் அதே வளைவு.
அவன் கடை வாசலில் நின்று நான் பேசியதை
இங்கே எழுத முடியாது.

வியாழக்கிழமை மழை.
டுரியான் கொட்டகையில் ஒதுங்கி,
பெட்ரோலாவது இருக்கிறதா என்று
இருக்கையைத் தூக்கி மூடியைத் திருகினேன்.
ஸ்ஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது டாங்கி,
முங்கி எழுந்தவன் மாதிரி.
அப்புறம் ஒரே உதை.

மூடிக்குள் ஒரு ரப்பர் வட்டம்.
போன மாதம் நானே
பழைய சைக்கிள் டியூபில் வெட்டிப் போட்டது,
ஒரு சொட்டும் கசியக்கூடாதென்று.
மூச்சு விடுகிற ஊசித்துளைமேல்
அப்படியே உட்கார்ந்திருந்தது.

துப்பட்டா ஊசியால் குத்தினேன்.

இப்போது அந்த வளைவை மூன்றாம் கியரில் கடக்கிறேன்.
பாலிக் புலாவ் கிளினிக்கில்
பக்கத்து நாற்காலி ஹூய் யீ மூக்கைச் சுளிக்கிறாள்,
எங்கிருந்து இந்தப் பெட்ரோல் வாடை என்று.

ரஸ்லானுக்கு இன்னும் சொல்லவில்லை.
அந்தத் தெரு வழியாகப் போவதுமில்லை.