நான் சொன்னதுதான் சரி

அன்று சாயங்காலம்கூட
மச்சான் சீலாஸோடு சண்டை.
பழைய காலண்டரின் பின்பக்கம்
ஏழு வருஷத்தை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
நடுவில் மூன்றரையைக் குறித்து,
"இங்கெல்லாம் சபை இருக்காது,
முன்னாடியே மேலே போயிருக்கும்" என்றேன்.
அவன் பேனாவைப் பிடுங்கிக்
கோட்டின் கடைசிவரைக்கும் இழுத்தான்.
"உபத்திரவம் வந்தா எல்லாருக்கும்தான்டா.
உனக்கு மட்டும் எவன் ஆட்டோ அனுப்புறான்?"

டீ கொண்டுவந்த ஹெலன்
ராயபுரம் சி.எஸ்.ஐ.யை இன்னும் விடாதவள்.
அவள் ஐயர் இதைப் பற்றி
வருஷத்துக்கு ஒரு ஞாயிறு பேசுவார்,
அதையும் சீக்கிரம் முடித்துக்கொள்வார்.
ஆயிரம் வருஷ அரசாட்சி இப்பவே நடக்குது,
விரல்விட்டு எண்ணக் கூடாது என்பது அவர் கட்சி.
"இப்பவேன்னா" என்று சீலாஸ் ஜன்னலைத் திறந்தான்.
அனல்மின் நிலையத்துச் சாம்பல்
டம்ளரில் ஆடைபோல் வந்து உட்கார்ந்தது.
"இதுதான் ராஜ்யமா? சொல்லு."
சர்க்கரை போதுமா என்று மட்டும் கேட்டாள் அவள்.

ராத்திரி ஷிப்டுக்குப் போனேன்.
கிரேன் பழுது. பத்து மணிக்கே அனுப்பிவிட்டார்கள்.
எழுப்புவானேன் என்று
மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டி ஓரம் படுத்தேன்.

முழிப்பு வந்தபோது தெருவில் சத்தமே இல்லை.
கத்திவாக்கத்தில் அப்படி ஒரு அமைதியை
நான் கேட்டதே இல்லை.
தொண்டை எரிந்தது, கண்ணில் நீர்.
அதையும் அப்போது
மனசாட்சி என்றுதான் நினைத்தேன்.

இறங்கினேன். கதவு திறந்திருந்தது.
பாயில் சின்னவனின் போர்வை
அவன் சுருண்டு கிடந்த வடிவத்திலேயே இருந்தது.
வாசலில் மூன்று ஜோடி செருப்பு.
குழாயடியில் குடம் நிரம்பி வழிகிறது.
ஒரு குடத்துக்கு மண்டை உடைகிற தெரு,
வழிகிறது, நிறுத்த ஆள் இல்லை.

பிலோமினா வீடும் காலி.
மாதா படத்தைச் சுற்றிச் சீரியல் பல்பு
பச்சை, சிவப்பு, பச்சை.
அவளையுமா?
என் அட்டவணையில் அவளுக்கு இடமே இல்லையே.
புறா விடுகிற காதர் வீடும் காலி.
அங்கேயாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.
வரவில்லை.

கைலியோடு, வெறுங்காலோடு, நடுத்தெருவில் நின்றேன்.
முதலில் வந்தது அழுகை இல்லை,
ஜெபம் இல்லை, பிள்ளையின் பெயர்கூட இல்லை.
சீலாஸிடம் சொல்லணும்,
நான் சொன்னதுதான் சரி.

அதற்கப்புறம்தான் முழங்கால் மடங்கியது.

எவ்வளவு நேரமோ.
தெருமுனையில் ஒற்றை ஹெட்லைட்.
முகத்தில் ஈரத்துண்டு கட்டிய ஒருவன்.
"ஏறுடா! யார்டுக்கு போன் போட்டா
பத்து மணிக்கே கிளம்பிட்டான்றானுங்க.
ஹெலன் அங்க கத்திக்கினு கீறா. ஏறு, கேஸ்!"
"என்ன கேஸ்?"
"ஃபேக்டரி பைப்பு புட்டுக்கிச்சு. மூக்க மூடு."
இடுப்பிலிருந்து இன்னொரு ஈரத்துண்டை
என் முகத்தில் எறிந்தான்.
யாரும் தப்ப முடியாது என்று
இருபது வருஷமாய்ச் சொல்லிவருகிறவன்
எனக்காகத் திரும்பி வந்திருந்தான்.

திருவொற்றியூர்க் கல்யாண மண்டபம்.
யாருக்கோ கட்டிய வாழைமரம் இன்னும் அவிழ்க்கவில்லை.
பிலோமினா வாந்தி எடுக்க,
எங்கள் பாஸ்டர் பனியனோடு
அவள் நெற்றியைப் பிடித்திருந்தார்.
ஹெலன் என்னை இரண்டு அறை விட்டாள்,
பிறகு சட்டையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.
"கீழே இறங்கினியே, என்னடா நினைச்சே?"
சீலாஸ் கேட்டான்.
இருமல் வந்தது. நல்ல சமயத்தில் வந்தது.

விடியும்போது காதர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.
"நம்ம வூட்டாண்ட போனியா?
புறாவுங்களைப் பாத்தியா?"

பார்த்திருந்தேன்.
கூண்டின் தரையில், நாற்பதும்.

"தூங்குதுங்க பாய்" என்றேன்.